காலை உதைத்த பிரேக்

"நான்தான் இடிச்சேன். தெரிஞ்சே இடிச்சேன். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

பஸ்காரர் அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். வந்த இருவரையும் அவர் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டி, ஒரு பூனைக்குட்டியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்ற மனிதர். இப்போது மகள் வீட்டுப் பின்னறையில், ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டில் முழுவதும் தனக்கு உரியதில்லை என்பதுபோல.

டைனமோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அப்பாவின் பட்டறையில் டைனமோவுக்குக் கம்பி சுற்றி வளர்ந்தவள் அவள். பிறகு வண்டிகளின் கோளாறைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனிதர்களின் வில்லங்கத்தைப் பார்க்கத் தொடங்கினாள். தொழில் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. கூட நின்ற உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் கேட்கத் தேவையில்லை. அவன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது மூடியிருந்தான். மாடிப்படி ஏறி வரும்போது அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "மாமனார் மருமகனுக்குக் கார் கொடுக்கறது உண்டு. இடுப்புக்குக் கீழ கொடுத்தவரை இப்பத்தான்க்கா பார்க்கப் போறேன்." வீட்டுக் கதவு திறந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"அந்தத் தம்பி படியில சொன்னது சரிதான்மா," என்றார் பஸ்காரர். "ஊரே அப்படித்தான் பேசுது. தம்பி மேல தப்பில்ல."

ரேடியோவின் காது சிவந்தது. "ஐயா, நான் வாய் தவறி... மன்னிச்சிடுங்க."

"எதுக்குப்பா மன்னிப்பு. உள்ளதைத்தானே சொன்னே."

அதற்கு மேல் ரேடியோவுக்கு நிற்க இடம் தெரியவில்லை. கதவோரமாக ஒதுங்கினான்.

நடந்ததை மகள் அவர்களைக் கூப்பிட்டபோதே சொல்லியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ்காரர் தன் காரைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அடித்தளத்தில் அவர்களுக்கு உரிய குறுகலான இடத்தில் திருப்பி நிறுத்தப் போனார். மருமகன் எதிரே தூணோரம் நின்று கைகாட்டினார். கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஊர்ந்து வந்து மருமகனின் காலைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மருமகன் வாலிபால் கோச். காலால் பிழைக்கிற ஆள். அவருடைய அண்ணன் கெடு வைத்துவிட்டார்: இன்று சாயங்காலத்துக்குள் பஸ்காரரே போலீஸில் போய் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொலை முயற்சி என்று தான் புகார் கொடுப்பதாக.

"தெரிஞ்சே இடிச்சேன்னு சொல்றீங்க. பிரேக்கை அழுத்தவே இல்லையா?" டைனமோ கேட்டாள்.

"அழுத்தினேன்."

"தெரிஞ்சே இடிக்கிறவர் எதுக்குப் பிரேக்கை அழுத்தணும்?"

பஸ்காரர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அழுத்தினேன்மா. ஆனா காலு உதறிடுச்சு. கடகடன்னு நடுங்குச்சு. பிரேக் மேல நிக்கவே மாட்டேன்னுச்சு. இத்தனை வருஷத்துல என் காலு அப்படிப் பண்ணினதே இல்லை. அப்புறம்தான் யோசிச்சேன். காலு ஏன் உதறுச்சு? மனசுல விஷம் இருந்துச்சு, அதான்."

"என்ன விஷம்?"

அவர் வாசலில் மகள் நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் குரல் இன்னும் இறங்கியது.

"கீழே நாலு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. மாப்பிள்ளை கைகாட்டிக்கிட்டே, 'மெதுவா மாமா, இது பஸ் இல்லை'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஒரு நொடி, இவனை லேசா ஒரு தட்டுத் தட்டினா என்னன்னு எனக்குத் தோணுச்சு. தோணி முடிக்கலை, வண்டி இடிச்சிடுச்சு." அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "என் மனசு சொன்னதைக் காலு கேட்டுடுச்சும்மா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மகள் வாசலில் இருந்து நகர்ந்துவிட்டாள். ஒரு வாரமாக அப்பாவிடம் அவள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். தட்டு காலியாக வெளியே வரும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

டைனமோ எழுந்தாள். "உங்க காலு உதறுச்சா, இல்ல பிரேக் உங்க காலை உதைச்சுதா? ரெண்டும் வேற வேற ஐயா. சாயங்காலம்தானே கிளம்பணும். அதுவரைக்கும் அந்தக் காலை எனக்குக் கடன் கொடுங்க."

அடித்தளத்தில் கார் இருந்த இடத்திலேயே இருந்தது. யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. பழைய வண்டி, ஆனால் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார் பஸ்காரர். தூணில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. ஸ்கூட்டரை எடுக்க வந்த ஒரு பெண் மகளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

டைனமோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினாள். மீட்டர் பலகையில் விளக்குகள் பொட்டுப் பொட்டாக எரிந்து, சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. சாவியைத் திருப்பி அணைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அணைத்தாள்.

"என்னக்கா, காருக்குக் கண்ணடிக்கிறீங்களா?" ரேடியோவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

"அட்டென்டன்ஸ் எடுக்கிறேன். சாவி போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு 'உள்ளேன் ஐயா' சொல்லணும். என்ஜின் சொல்லுச்சு. பாட்டரி சொல்லுச்சு. ஆயில் சொல்லுச்சு. ஏபிஎஸ் விளக்கு மட்டும் வாயே திறக்கலை."

"பல்பு ஃபியூஸ் போயிருக்கும்."

"இருக்கலாம். கழட்டிப் பார்த்துடுவோம்."

மீட்டர் பலகையின் மூடியைக் கழற்றினார்கள். பல்பு நன்றாக எரிந்தது. அதன் முகப்பின் மேல் கறுப்புக் காகிதம் ஒன்றைச் சின்னதாக வெட்டி, ஒரு துண்டுத் துணி டேப்பால் ஒட்டியிருந்தது.

ரேடியோ விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "பல்பு எரியுது. கண்ணைக் கட்டி வெச்சிருக்காங்க."

"ஏபிஎஸ்னா என்ன மேடம்?" என்று மகள் கேட்டாள். "அப்பாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலயும் ஒரு சென்சார் இருக்கும்மா. சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு வண்டியோட மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். பிரேக் போடும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டுனு நின்னுடுச்சுன்னா வண்டி வழுக்கும். அதனால மூளை அந்தச் சக்கரத்தோட பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போ பெடல் கடகடன்னு காலை உதைக்கும். பழகாதவங்க பயந்து காலைக்கூட எடுத்துடுவாங்க."

"அன்னிக்கு வண்டி வழுக்கவே இல்லையே. ஊர்ந்துதானே வந்துச்சு."

"அதான் எனக்கும் சந்தேகம். சக்கரம் சுத்திக்கிட்டிருக்கு. ஆனா 'நின்னுடுச்சு'ன்னு யாரோ பொய்ச் சேதி அனுப்பியிருக்காங்க."

ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைத் தூக்கினார்கள். சென்சாரின் வயர் வந்து சேரும் இணைப்பைக் கழற்றி டைனமோ மீட்டரை மாட்டினாள். ரேடியோ சக்கரத்தைக் கையால் சுற்றினான். எண்கள் ஏறின. ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டும் சுற்றினான். அப்போதும் ஏறின.

"இவன் யோக்கியன்," என்றாள் டைனமோ. "அடுத்தவனைக் கூப்பிடு."

இடது சக்கரம். ஸ்டீயரிங் நேராக இருந்தபோது எண்கள் நன்றாகவே ஏறின. ரேடியோ உதட்டைப் பிதுக்கினான்.

"அப்பா ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிச்சார், ஞாபகம் இருக்கா?" டைனமோ மகளிடம் கேட்டாள்.

"இந்த இடத்துக்கு இடது பக்கம் முழுசா ஒடிச்சாத்தான் வர முடியும்."

டைனமோ ஸ்டீயரிங்கை இடதுபக்கம் கடைசி வரை ஒடித்தாள். ரேடியோ சக்கரத்தைச் சுற்றினான். மீட்டரில் பூஜ்யம். இன்னும் வேகமாகச் சுற்றினான். பூஜ்யம்தான். ஸ்டீயரிங்கை நேராக்கியதும் எண்கள் மறுபடி உயிர்பெற்றன.

"சென்சார் செத்துடுச்சாக்கா?"

"செத்தவன் எப்பவுமே பேச மாட்டான் ரேடியோ. இவன் நேராப் பார்த்தாப் பேசறான், திரும்பினா வாயை மூடிக்கிறான். நாக்கு நல்லா இருக்கு. தொண்டையிலதான் கோளாறு."

அவள் சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு டார்ச்சுடன் உள்ளே தலையை நுழைத்தாள். சென்சாரில் இருந்து புறப்பட்ட கறுப்பு வயர், சக்கரத்துக்கு மேலே வளைந்து போகிற இடத்தில் தடித்திருந்தது. அங்கே தோல் நிறத்தில் ஏதோ சுற்றியிருந்தது. தொட்டால் இன்னும் பிசுபிசுவென்று ஈரம். ஸ்டீயரிங் இடதுபக்கம் ஒடியும்போது சரியாக அந்த இடம்தான் இழுபட்டது.

ரேடியோவும் எட்டிப் பார்த்தான். "அக்கா, இது மெக்கானிக் வேலை இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் டேப் கடைக்குக் கடை கிடைக்குதே, அதை விட்டுட்டுத் துணியில கட்டியிருக்கான். வயருக்கு என்ன, சுளுக்கா?" பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "யாரோ திட்டம் போட்டு வயரை அறுத்து, விளக்கையும் மறைச்சிருக்காங்க. பழி பெரியவர் மேல விழணும். அந்த அண்ணன்காரர் இவ்வளவு அவசரப்படறாரே, எனக்கு அவர் மேலதான்..."

"கெடுக்க நினைச்சவன் அறுத்துட்டுப் போயிடுவான். கட்டுப் போட மாட்டான்," என்றாள் டைனமோ. "இது எதிரி பண்ணின வேலை இல்லை. பயந்தவன் பண்ணின வேலை."

அவள் கட்டைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தபோது, பின்னால் நின்ற மகள், "பிரிக்காதீங்க," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். மகள் டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"போன வருஷம் படியில வழுக்கி என் கணுக்கால் சுளுக்கிடுச்சு," என்றாள் மெதுவாக. "இதே துணி டேப்தான். எட்டு போட்டு, மறுபடி எட்டு போட்டு, கடைசியில முனையை மடிச்சு உள்ளே செருகுவாங்க. அப்படிச் செருகினா வேர்வையிலயும் பிரியாதுன்னு சொன்னாங்க. அவங்க டீம் பசங்களுக்கு எல்லாம் அவங்கதான் கட்டுவாங்க."

ரேடியோ கையில் இருந்த ஸ்பானரை ஓசையில்லாமல் கீழே வைத்தான்.

"நான் அப்பாவைத்தான் நம்பலை," என்றாள் மகள். "ஒரு வாரமா அவர் முகத்தையே பார்க்கலை. சாப்பாட்டை வாசல்ல வெச்சேன், நாய்க்கு வைக்கிற மாதிரி." அவள் அழவில்லை. காரின் பக்கவாட்டில் கையை ஊன்றி நின்றாள். "மேடம், இதை அப்பாகிட்ட நீங்க சொல்லாதீங்க. அவங்களே சொல்லட்டும். சொல்றாங்களான்னு நான் பார்க்கணும்."

டைனமோ சிறிது யோசித்தாள். பிறகு கட்டு இருந்த இடத்துக்கு இருபுறமும் வயரை நறுக்கி, அந்தத் துண்டை அப்படியே கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நுனியில் செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காய விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றிருந்தது.

போலீஸுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பஸ்காரரே கேட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் சுவரோடு சேர்ந்து நின்றுகொண்டார்.

கோச் தலையணையில் சாய்ந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கால் உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நிற்பவர்போல் நின்றார்.

"இவங்க எதுக்கு?" அண்ணன் டைனமோவைக் காட்டிக் கேட்டார்.

"வண்டியைப் பார்த்தோம். ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் டைனமோ. கைக்குட்டையைப் பிரித்து வயர்த் துண்டைப் போர்வையின் மேல் வைத்தாள். "இடது முன்சக்கரத்துல இருந்துச்சு. இது என்னன்னு தெரியுமா சார்?"

கோச் அதைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "தெரியலை," என்றார்.

மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பரவாயில்லை," என்றாள் டைனமோ. டேப்பின் செருகிய முனையை நகத்தால் நெம்பி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். "தெரியாம பிரிச்சுட்டேன். பழையபடி கட்டணும். எனக்குக் கட்டு வராது. நீங்க இதுல கெட்டிக்காரர்னு வீட்டுல சொன்னாங்க."

வயரையும் டேப்பையும் அவர் கையில் கொடுத்தாள்.

கேட்டதும் கட்டுவது அவருக்குக் கைப்பழக்கம். நாளுக்கு எத்தனை கால்கள். விரல்கள் டேப்பை வாங்கின, நுனியைச் சாய்த்துப் பிடித்தன, ஒரு எட்டு, மேலே இன்னொரு எட்டு. அதற்குப் பிறகுதான் அவர் தன் கைகளைக் கவனித்தார். விரல்கள் அப்படியே நின்றன. பழைய மடிப்பின் தடத்தில் டேப் அச்சாக உட்கார்ந்திருந்தது.

அறையில் பஸ்காரருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. அவர் கைகூப்பினார்.

"நான் வர்றேன் மாப்பிள்ளை. போலீஸுல எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்களுக்கு நான் பண்ணினது..."

திரும்பி வாசல் பக்கம் நடந்தார். கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டார்.

"மாமா, நில்லுங்க," என்றார் கோச்.

பஸ்காரர் நின்றார்.

"போகாதீங்க. உங்க காலு தப்புப் பண்ணலை. நான்தான்." அவர் வயரைக் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் வைத்திருந்தார். "போன மாசம் மைதானத்துக்கு வந்து, 'பந்துக்கும் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குச் சாவி தர மாட்டேன்'னு சொன்னீங்க. பசங்க எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அடுத்த வாரம் நீங்க தூங்கும்போது வண்டியை எடுத்துட்டுப் போனேன். அவங்க முன்னாடி ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும்னு. அவ்வளவுதான் காரணம். ஓரத்துல இருந்த கட்டையில சக்கரம் ஏறிடுச்சு. உள்ளே வயர் பிஞ்சு தொங்குச்சு, விளக்கு எரிஞ்சுச்சு. மெக்கானிக்கிட்ட போனா உங்களுக்குத் தெரிஞ்சுடும். கையில இருந்த டேப்பால முறுக்கிக் கட்டினேன். விளக்கு அப்பப்ப வந்துக்கிட்டே இருந்துச்சு. அதையும் மறைச்சேன்."

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமாடா?" அண்ணன் கட்டிலை நோக்கிக் குனிந்தார்.

"முன்னாடி தெரியாது. இங்க வந்து படுத்தப்புறம், பெடல் நடுங்குச்சுன்னு மாமா சொன்னதாக் கேட்டதும் புரிஞ்சுடுச்சு. ஒரு வாரமா சொல்லணும் சொல்லணும்னு... நீ வேற எனக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருந்தே. வாய் வரலைண்ணா. இப்பக்கூட முதல்ல 'தெரியலை'ன்னுதானே சொன்னேன்."

அண்ணன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பஸ்காரரைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "நான் வெளியே இருக்கேன்," என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனார். போகும்போது பெரியவரின் தோளில் உரசிவிடாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா," என்றாள். பஸ்காரர் அவள் முதுகில் கை வைத்தார். அவருடைய முகத்தில் நிம்மதி வரும் என்று ரேடியோ எதிர்பார்த்தான். வரவில்லை.

"வயர் பண்ணின வேலைன்னு இந்தம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. நல்லது," என்றார் அவர். "ஆனா மாப்பிள்ளை, நீங்க தூணுகிட்ட நிக்கும்போது உங்களை ஒரு தட்டுத் தட்டணும்னு எனக்குத் தோணுச்சு. அது வயர் பண்ணினது இல்லை. மைதானத்துல அத்தனை பசங்க முன்னாடி உங்களைப் பேசினதும் வயர் இல்லை. அப்படிப் பேசலைன்னா நீங்க மறைச்சிருக்க மாட்டீங்க."

கோச் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள். ஊசி மருந்தைச் சரிபார்த்துவிட்டு, "இன்னைக்கு ராத்திரி பேஷண்டோட யார் இருக்கப் போறீங்க? ஒருத்தர்தான் இருக்கலாம். பாத்ரூமுக்குத் தூக்கிக் கூட்டிட்டுப் போகணும், பலமான ஆளா இருக்கணும்," என்றாள்.

"அவங்க அண்ணன்," என்று மகள் தொடங்கினாள்.

"மாமா இருக்கட்டும்," என்றார் கோச்.

பஸ்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வேணாம் மாப்பிள்ளை. உங்க முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம். நீங்க அங்க ஒரு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, நான் இங்க ஒரு ரூம்ல சுவரைப் பார்த்துக்கிட்டு. எதுக்கு மாமா ரெண்டு ரூம்?"

டைனமோ ரேடியோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள். கதவு முழுவதும் சாத்திக்கொள்வதற்கு முன்னால் ரேடியோ திரும்பிப் பார்த்தான். பஸ்காரர் சலவைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, மருமகனின் அக்குளுக்கு அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகன் தயங்கி, பிறகு முழு பாரத்தையும் அவர் மேல் சாய்த்தார்.